வலிக்காத கட்டி

முதலில் அதை என் கத்தரிக்கோலின் தப்பு என்றுதான் நினைத்தேன்.

ரெண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருசம் இருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெண்டு தெரு தள்ளி, வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, எந்தத் துண்டு எங்கே போய்ச் சேருகிறது என்று நானே பிடித்துக்கொண்ட தொழில். அதனாலேயே யாராவது குறை சொன்னால் சுருக்கென்று வரும். எங்க மதினி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, அந்தக் குறையைத்தான் மூன்று தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

அண்ணன் வீடு சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம். பன்னீர் ரோஜாவும் கனகாம்பரமும் போட்டிருந்தார்கள். பூ ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் வண்டியிலேயே அண்ணனும் வரும், துணிப்பையும் வரும். பைக்குள்ளே புதுத் துணியோடு ஒரு அளவு ஜாக்கெட் இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் உடம்பில் டேப் வைக்க விடமாட்டார்கள். "இதையே வச்சு வெட்டிரு" என்று நன்றாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கும் அது சௌகரியம்தான். மதினி கொடுத்தனுப்பிய அளவு ஜாக்கெட் எட்டு வருசத்துக்கு முந்தையது. ஆள் இளைத்ததும் வீங்கினதும் அந்த ஜாக்கெட்டுக்கு எப்படித் தெரியும்?

"வலது கை இடுக்கு பிடிக்குதாம். பிரிச்சு விடணுமாம்," என்று அண்ணன் பையை வைத்துவிட்டுப் போனது.

பிரித்து விட்டேன். உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் கால் இஞ்ச் வெளியே வந்தது. அடுத்த வாரமே பை திரும்பி வந்தது. மறுபடி கால் இஞ்ச். மூன்றாவது தடவை விடுவதற்கு உள்ளே துணி இல்லை. அக்குளில் பட்டம் மாதிரி ஒரு துண்டு வைத்து ஒட்டுப் போட்டேன். அதற்கும் பதில் வந்தது, அதுவும் கடையில் நாலு பொம்பளைகள் இருக்கும்போது, அண்ணன் வாயாலேயே.

"டவுன்ல உக்காந்து தைக்கிறாளே, ஒரு கை இடுக்கு வெட்டத் தெரியலயேன்னு உங்க மதினி கேக்குறா."

"இடது கை சரியா இருக்காம்ல? ரெண்டையும் ஒண்ணா மடிச்சுப் போட்டுத்தான வெட்டுனேன். ஒண்ணு சரியா இருந்து இன்னொண்ணு எப்படிண்ணே பிடிக்கும்?"

"அத என்கிட்ட கேட்டா? நான் என்ன ஜாக்கெட்டா போடுறேன்?"

நாலு பொம்பளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தக் கேள்விக்கு உள்ளேயே பதில் இருந்தது. ரெண்டும் ஒன்றாக வெட்டின கையில் ஒன்று மட்டும் பிடித்தால், கோளாறு துணியில் இல்லை, உடம்பில். என் வாயாலேயே சொல்லிவிட்டு, என் காதிலேயே ஏறாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நாலாவது தடவை மதினியே வந்தார். பூக்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "வேற யாரும் இல்லல்ல?" என்று பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இந்தா, போட்டுக் காட்டுறேன், நீயே பாத்துச் சொல்லு. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

ஜாக்கெட் போட்டு நின்றவரின் வலது அக்குளில் கையை வைத்தேன். துணிக்கு அடியில் உருண்டையாக ஒன்று கையில் இடறியது.

"என்ன மதினி இது?"

"அதுவா? நெறி கட்டியிருக்கு."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா! வெந்நீர் கொதிக்கிறது என்கிற மாதிரி.

"எம்புட்டு நாளா?"

"தைக்கு முன்னாடி தட்டாம்பயறு மாதிரி இருந்துச்சு. பிறகு புளியங்கொட்டை ஆச்சு. இப்பத்தான் நெல்லிக்கா மாதிரி ஆயிருக்கு. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. வலிச்சாத்தான காட்டணும்?"

எனக்கு ஜனங்கள் பேசுகிற பேச்சின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. துணி கொடுக்க வருகிறவர்கள் எதையாவது அழகாகச் சொல்லிவிட்டால் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். உடம்புக்குள் வருகிற கட்டியைப் பயறில் ஆரம்பித்து நெல்லிக்காய் வரை அளக்கிற இந்த அளவை அன்றைக்கு அப்படித்தான் ரசித்தேன். ஒரு கட்டி பயறிலிருந்து நெல்லிக்காயாக வளர்ந்திருக்கிறதே, இது எங்கே போய் நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது மட்டுமா? எனக்கும் நெறிகட்டு தெரியும் என்கிற மேதாவித்தனம் வேறு. என் மகளுக்குச் சின்னதில் குதிகாலில் முள் ஏறி, தொடை இடுக்கில் நெறி கட்டியது. முள்ளை எடுத்தேன், ஒரு வாரத்தில் கரைந்துபோனது. காலில் புண் என்றால் தொடை இடுக்கு, கையில் புண் என்றால் அக்குள், தலையில் புண்ணோ சொத்தைப் பல்லோ என்றால் கழுத்து. எங்கள் ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த கணக்கு இது. நெறி கட்டினால் பக்கத்தில் எங்கேயோ ஒரு புண் இருக்கிறது, அதைத் தேடு. ரோஜாச் செடிக்குள்ளேயே கிடக்கிற கையில் முள்ளுக்கா பஞ்சம்?

"காட்டுங்க மதினி கைய," என்று ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, மெஷின் ஊசி ஒன்றை எடுத்து, அரைமணி நேரம் அவர் விரல்களைக் கிளறினேன். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கடுகை விடச் சின்னதாக ஒரு கறுப்புத் துணுக்கு வந்தது. முள்ளா, அழுக்கா, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"இந்தா, இந்தப் பயதான்!" என்று கத்தினேன்.

"ஏயப்பா, இம்புட்டுக்காணு நாயி, என்னா வீக்கம் வீங்க வச்சிருக்கு பாரு!" என்றார் மதினி.

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்லி அனுப்பினேன். ஜாக்கெட்டின் வலது கையை முழுசாகக் கழற்றி, பெரிசாக வெட்டிப் புதுக் கையும் வைத்துக்கொடுத்தேன். நோய்க்குத் தாராளமாக இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன், கூலி வாங்காமல்.

அதில் போனது ரெண்டரை மாசம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தால், மதினியின் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் இன்னொரு புளியங்கொட்டை. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கிறதாம்.

"வெயிலு," என்றது அண்ணன்.

"வெயில் உங்களுக்கும்தானண்ணே அடிக்குது?"

"இப்ப பூ உச்சத்துல இருக்கு. ஒரு நாள் பறிக்காட்டி அம்புட்டும் உதிந்துரும். ஆடி வரட்டும், காட்டுவோம்."

எங்க அண்ணன் கெட்டவர் இல்லை. செடியில் ஒரு இலை சுருண்டால் அதைக் கிள்ளிக்கொண்டு உரக்கடை உரக்கடையாக அலைகிற மனுசன். அந்த அலைச்சலில் பாதி பெண்டாட்டிக்கு அலைந்திருந்தால் என்ன என்று நான் கேட்டே விட்டேன். "உனக்கு வாய் சாஸ்தி" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நானே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் டவுனில் ஒரு தனியார் டாக்டர். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்து உள்ளே போனதும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே, "என்ன?" என்றார்.

"கை இடுக்குல நெறி கட்டியிருக்கு சார்," என்றேன்.

"கையில புண்ணு கிண்ணு?"

"முள்ளுக் கீறல் சார், பூத்தோட்டம்," என்றார் மதினி, முந்திக்கொண்டு.

எழுதிவிட்டார். அஞ்சு நாளைக்குக் காலையும் ராத்திரியும் ஒவ்வொன்று. கட்டியைப் பார்க்கவுமில்லை, தொடவுமில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன? அவர் பார்க்க வேண்டும் என்றாலும் மதினி கையைத் தூக்கியிருக்க மாட்டார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில், எழுந்து ஓடுகிற தினுசில்தான் உட்கார்ந்திருந்தார். அஞ்சு நாள் மாத்திரை முடிந்தது. கட்டி இருந்த இடத்தில் இருந்தது. இன்னொரு அஞ்சு நாள் எழுதினார். அதுவும் முடிந்தது.

"பத்து நாள் மருந்து தின்னும் போகலன்னா அது தானா போறதுதான்," என்று மதினி ஒரு நியாயம் சொன்னார். இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு. சின்ன வயசு. அவர் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, "படுங்கம்மா" என்றார். ரெண்டு அக்குள், ரெண்டு மார்பு, கழுத்து, காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். வயிற்றையும் அமுக்கினார்.

"எவ்வளவு நாளா இருக்கு? எவ்வளவு பெரிசா இருந்துச்சு?"

மதினி பயறு, கொட்டை, நெல்லிக்காய் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து, "இப்ப ஒண்ணரை இஞ்ச் இருக்கு டாக்டர். மூணு மாசத்துக்கு முந்தி முக்கால் இஞ்ச்," என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நர்ஸா?"

"இல்லங்க, டெய்லர்."

"மூணு மாசத்துக்கு முந்தியே தெரியும்னா ஏன் வரல?"

நான் முள் எடுத்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததில் எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் திட்டவும் இல்லை. பொறுமையாகச் சொன்னார். இந்த நெறிகள் உடம்பில் நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம், எல்லோருக்கும். வெளியிலிருந்து நோய்க்கிருமி வந்தால் அதை மறித்துச் சண்டை போடுகிற இடங்கள் அவை. சண்டை நடந்தால் வீங்கும். "நீங்க சொன்ன கணக்கு தப்பில்ல. முள்ளு, புண்ணு, தொண்டைவலி, இதுக்கெல்லாம் கட்டும். ஆனா அதெல்லாம் தொட்டா வலிக்கும், ரெண்டு மூணு வாரத்துல கரைஞ்சிரும். வலியே இல்லாம, கரையாம, வளந்துக்கிட்டே போனா அதுதாம்மா பயப்பட வேண்டியது. அது டிபியா இருக்கலாம், புத்துநோயா இருக்கலாம், வேற ஏதாவதும் இருக்கலாம். ஊசி வச்சுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

வலித்தால் வரலாம் என்று இவ்வளவு நாளும் காத்திருந்தோம்! அது வலிக்காததுதான் ஆபத்து என்று இங்கே ஒருவர் சொல்கிறார். இதை ஏன் யாரும் ஒரு சுவரில் எழுதி வைக்கவில்லை? எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூலத்துக்கு மருந்து என்று எழுதியிருக்கிறது.

ஊசி எடுத்த பிறகு முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் வெட்டின துணியெல்லாம் கோணல். போய்க் கேட்டபோது டிபி என்றார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. நெறியில் மட்டும்தான். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது, ஆறு மாசம் மாத்திரை, முழுசாகக் குணமாகிவிடும் என்றார் டாக்டர். எனக்குத் தரையில் கால் பாவியது மாதிரி இருந்தது. புத்துநோய் இல்லையே!

மதினி அழுதார்.

"நான் ஒரு இருமல் இருமியிருப்பேனா? எனக்கு எப்படி டிபி?"

"அதான் நெறியில வந்திருக்குன்னு சொன்னாங்கல்ல மதினி."

"அத யாருட்டப் போயி விளக்கிக்கிட்டு இருக்க? புத்துநோய்னா பாவம்னு சொல்லுவாக, வந்து பாத்துட்டுப் போவாக. இதுன்னா தட்டத் தனியா வைப்பாக. எம்மக கதி?"

மகளுக்கு நத்தம் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாந்தோப்பு உள்ள குடும்பம். வெற்றிலை மாற்றவில்லை, ஆனால் வாய்ப்பேச்சு முடிந்திருந்தது. ஆவணியில் நிச்சயம். "அவுகளுக்குத் தெரிஞ்சா ஒரே வார்த்தையில முடிஞ்சிரும்டி," என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாத்திரையை அப்போதெல்லாம் மொத்தமாகக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாள், ஒரு பொறுப்பான ஆள் முன்னால் விழுங்க வேண்டும். ஊரிலுள்ள சுகாதார நிலையத்தில் என்றால் வாசலில் நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். நான் அந்த மாத்திரைகளைக் கவனிக்கிற சுகாதாரப் பணியாளர் அக்காவிடம் கெஞ்சினேன். கடை வைத்திருக்கிறவர்களும் இப்படிப் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த அக்கா சொன்னதும், "அப்ப நான் எடுத்துக்கிறேன்," என்றேன். மதினி பெயர் எழுதின ஒரு மாத்திரைப் பெட்டி என் நூல்கண்டு அலமாரிக்குள் வந்து உட்கார்ந்தது. மகளுக்குக் கல்யாண ஜாக்கெட் தைக்கிற சாக்கில் மதினி திங்கள், புதன், வெள்ளி வந்துவிடுவார். பூ வண்டியில் வருவது, ஏழு மாத்திரையை விழுங்குவது, பஸ்ஸில் திரும்புவது.

"இத்தனைய ஒரே நேரத்துல முழுங்கச் சொல்றாகளே, இவுக வீட்டுல யாரும் முழுங்கிருக்காகளா?" என்பார் ஒவ்வொரு தடவையும்.

முதல் நாள் சாயங்காலமே ஊரில் பக்கத்துத் தெரு போன் பூத்துக்குப் போய் என்னைக் கூப்பிட்டு, "ஏத்தா, ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலருல போகுது. நான் சாகப்போறேன்," என்றார். அது அந்த மாத்திரையின் சாயம், பயப்பட வேண்டாம் என்று அந்த அக்கா எனக்கு முன்பே சொல்லியிருந்தது. நான்தான் மதினியிடம் சொல்ல மறந்துவிட்டேன். "சாயந்தான், துவைச்சாப் போயிரும்," என்றேன். மறுமுனையில் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

ரெண்டு மாசத்தில் காய்ச்சல் நின்றது. பசி எடுத்தது. மூன்று இட்லிக்கு மேல் தின்னாதவர் என் கடையில் உட்கார்ந்து அஞ்சு தின்றார். நெல்லிக்காய் பாதியானது. அதற்குப் பிறகு கொஞ்சம் தளர்வு. வாரத்தில் ஒரு நாள் என் முன்னால், மற்ற நாளுக்கு வீட்டில் விழுங்கிவிட்டுக் காலி அட்டையைக் கொண்டு வரவேண்டும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவில்தான் கோட்டை விட்டேன்.

மூன்றாம் மாசம் கட்டி மறுபடி வீங்கியது. முன்னைவிடப் பெரிசாக, மேல்தோல் சிவந்து, இப்போது வலியும் சேர்ந்து. அதைக் காட்டிவிட்டுப் போன மதினி அடுத்த திங்கள்கிழமை வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. அண்ணனிடம் கேட்டால், "வேலை இருக்காம்" என்றது. அக்காவிடம் ஓடினேன். "மாத்திரை வேலை செய்யும்போதே சில பேருக்கு இப்படி ஒரு தடவை வீங்கும்மா. கூட்டிட்டு வாங்க, டாக்டர் பாக்கட்டும். ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது. பாதியில விட்டா அந்தக் கிருமி இந்த மருந்துக்கே அடங்காமப் போயிரும்," என்றது.

மெஷினை மூடிவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக மனசுக்குள் நல்ல வார்த்தையாகத்தான் சேர்த்துக்கொண்டு போனேன். சத்தியமாக. 'மதினி, பயப்படாதீங்க, இது இப்படித்தான் வருமாம்' என்று.

வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தது. யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்தேன். பின்பக்கமாகப் போனால் அடுப்படியில் மதினி கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தார்.

"மாத்திரை எங்க மதினி?"

"செத்த மெதுவா பேசு."

"மாத்திரை எங்க?"

"அது ஒண்ணும் ஆகல. போட்டும் வீங்குது. என்னத்துக்கு அந்தக் கருமத்தத் தின்னுக்கிட்டு? குடலெல்லாம் வேகுது. விட்டுட்டேன். இப்பப் போ, பிறகு பேசுவோம்."

விட்டுட்டேன் என்றதைக் கேட்டதும் நான் சேர்த்துக்கொண்டு வந்த நல்ல வார்த்தையெல்லாம் எங்கே போனதோ! "ரெண்டு வாரமா போடலையா? மூணு மாசம் தின்ன அம்புட்டையும் வீணாக்கிட்டியா? டிபி மாத்திரைய இப்படி நடுவுல விட்டா செத்துப் போவ, தெரியுமா? உன்னால நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா?" அதுவரை மதினியை நீங்க என்றே பேசின வாய், அன்றைக்கு நீ என்று கத்தியது.

மதினி என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். அடுப்படி நிலைப்படியில் மாப்பிள்ளையின் அம்மா, தண்ணீர் கேட்க வந்தவர், வெறும் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு டிபி?" என்றார்.

கேசரி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. நான் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். நெறியில்தான், நெஞ்சில் இல்லை, பரவாது, குணமாகிவிடும். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேசரி வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார். "வீட்டுல பேசிட்டுச் சொல்லிவிடுறோம்" என்று எழுந்தவர்கள், பிறகு ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மகள்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தது. "அத்தை, நீங்க சொன்னது சரிதான். ஆனா இம்புட்டுச் சத்தமாச் சொல்லியிருக்க வேணாம்," என்றது. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டே வந்தேன். தொடாத டாக்டர் மேல், பூவைப் பெரிசாக நினைத்த அண்ணன் மேல், சர்க்கரை என்று பொய் சொன்ன மாப்பிள்ளையின் அம்மா மேல், சொல்ல மாட்டேன் என்று பிடித்த பிடியில் உயிரையே விடத் துணிந்த மதினி மேல். பஸ் டவுனுக்குள் நுழைகிற வரைக்கும் என் முறை வரவில்லை. வந்த பிறகு அது போகவில்லை.

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். வேறு யார் முன்னாலாவது விழுங்கட்டும் என்று அக்காவிடம் சொல்லப் பெட்டியை எடுத்துப் பையில்கூட வைத்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலையில் பூ வண்டி வந்து நின்றது. மதினி இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினார். நான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன். விழுங்கினார். தண்ணீர் குடித்தார். எழுந்து போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே சேர்ந்திருந்ததை ஊசியால் இறக்கிவிட்டார். விட்டுப்போன நாளையும் சேர்த்து, மாத்திரையைத் தொடரச் சொன்னார். "இனிமே எல்லா வேளையும் உங்க கண்ணு முன்னாடிதான், வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது," என்று அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆக மறுபடி திங்கள், புதன், வெள்ளி. மூன்றரை மாசம். ஒவ்வொரு தடவையும் அதே ஸ்டூல், அதே நீட்டின கை, அதே மௌனம். நான் பேசிப் பார்த்தேன். மழை பெய்ததைச் சொன்னேன், பூ விலை கேட்டேன், சண்டைக்குக்கூட இழுத்தேன். ஒருநாள் வேண்டுமென்றே, "எம்மேல இருக்க வீம்புலயாவது முழுங்குறீகளே, அது போதும்," என்றேன். கண்ணில் ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான். என் கடைக்கு வருகிற பெண்கள், "உங்க மதினிக்கு வாய் வராதாக்கா?" என்று கேட்டார்கள். அந்த வாய்க்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டே நடுங்கும் என்று நான் யாரிடம் சொல்ல?

ஒரு நாள்கூட அவர் தப்பவில்லை. பஸ் ஓடாத ஒரு கடையடைப்பு நாளில் அண்ணனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து விழுங்கிவிட்டுப் போனார். என் மேலிருந்த வெறுப்பு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததா, மகள் அழுது அனுப்பினாளா, சாகப் பயமா, எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையை நான்தான் அந்த அடுப்படியில் தொலைத்திருந்தேனே.

கடைசி வேளை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கட்டி கரைந்து தட்டாம்பயறு அளவில் கெட்டியாக ஒன்று மட்டும் நின்றது. அது தழும்பு மாதிரி, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், வளர்ந்தால் மட்டும் வாங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினி மாத்திரையை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து விழுங்கினார். தண்ணீர் குடித்தார். எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

"எரியோட்டுப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கு," என்றார், சுவரைப் பார்த்து.

ஏழு தடவை யோசித்து, "நல்ல இடமா?" என்றேன்.

"பையன் பட்டறையில வேலை பாக்குறான். நாளைக்கழிச்சுப் பாக்க வாராக."

"சரி மதினி."

"எனக்கு இன்ன நோவு இருந்துச்சு, மாத்திரை தின்னேன், போயிருச்சுன்னு நானே முதல்ல சொல்லிரப் போறேன். நின்னா நிக்கட்டும், போனாப் போகட்டும்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "நீ வர வேணாம். நான் சொல்லிக்குவேன்."

கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் காலி அட்டையைப் பெட்டியில் போட்டு, அக்காவிடம் ஒப்படைக்க எடுத்து வைத்தேன். நீ வர வேணாம் என்றது சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனாலும் ஏழு மாசமாக யாருக்கும் தெரியக் கூடாது என்று செத்துக்கொண்டிருந்தவர், தெருவில் போகிற போக்கில் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் சொல்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது:

"இன்னியோட முடிஞ்சுச்சு தாயி. டிபிக்கு மாத்திரை தின்னேன். அக்குள்ல வந்துச்சு. ஒங்களுக்கு எங்கயாச்சும் வலிக்காமக் கட்டியிருந்தா, உக்காந்து முள்ளுத் தேடாம, ஆஸ்பத்திரிக்குப் போங்க."